பின் தெரு மறியல்

டிவியில் கத்திக்கொண்டிருந்தவனின் வாயோரத்தில் எச்சில் நுரைத்து நின்றது. எதிரே உட்கார்ந்திருந்தவன் அவனுக்கு மேல் கத்தினான். நடுவில் கோட்டு போட்ட ஒருத்தன் இரண்டு கையையும் தூக்கி, "மரியாதையா பேசுவோம், மரியாதையா பேசுவோம்" என்று சொல்லிக்கொண்டே இருவருக்கும் மாறி மாறிச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான். கட்டிலில் படுத்திருந்த மீட்டருக்குச் சகிக்கவில்லை. எழுந்துபோய் அந்தக் கருமத்தை அணைக்கவும் வழியில்லை. இடது கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் பக்கத்து மெஷினுக்குப் போய், அலசிக்கொண்டு, இன்னொன்றின் வழியாக உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் கைவிட்டவர்களுக்கு டயாலிசிஸ் பண்ணும் அறை அது. வந்து படுத்துவிட்டால் நாலு மணி நேரத்துக்கு யாரும் எங்கும் நகர முடியாது. ரிமோட் தொலைந்து மாசக்கணக்காகிறது.

மின்சார ஆபீசில் இருந்த காலம் முழுக்க வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்தவர் என்பதால் ஊருக்கே அவர் மீட்டர். எந்தச் சந்து எங்கே முட்டும், எந்த வீட்டு நாய் சொல்லாமல் கடிக்கும், எல்லாம் அத்துப்படி. வாலிப வயசிலிருந்து ஒரே கட்சி. அந்தக் கட்சி போன வாரம் தோற்றது. மயிரிழையில் போச்சு என்று இவர்கள் சொன்னார்கள். மண்ணைக் கவ்வினார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். எண்ணும் இடத்தில் திருட்டு என்று இவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஜெயித்தவர்களாவது சும்மா இருந்தார்களா? பைக்கில் கூட்டமாக வந்து ஆஸ்பத்திரி வாசலிலேயே ஹாரன் அடித்து, வெடி வெடித்து, போகிறபோது மதில் சுவரோரம் வரிசையாக நின்று ஒன்றுக்குப் போய்விட்டுப் போனார்கள். அதையும் ஒருத்தன் வீடியோ எடுத்து, "தோத்தவங்க தாகத்துக்கு" என்று எழுதி விட, அது ஊரைச் சுற்றி மீட்டரின் குடும்ப குரூப்புக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியது வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பி. கீழே பல்லைக் காட்டுகிற மஞ்சள் மூஞ்சி ஒன்று வேறு. தூ என்று போனை மெத்தையில் எறிந்தவர், கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, பதிலுக்கு அதைவிட அசிங்கமான ஒன்றைத் தேடி அனுப்பினார். அனுப்பிவிட்டு அதற்கும் ஒரு தூ.

அடுத்த கட்டில் தையலம்மாவுடையது. கடை வைத்துத் தைத்தவர். கால் வீங்கிவிடுவதால் இப்போது மகள் மெஷின் மிதிக்கிறாள், இவர் உட்கார்ந்த இடத்தில் துணி வெட்டிக் கொடுக்கிறார். ஜெயித்த கட்சி. சும்மா ஓட்டுப் போடுகிற ரகம் இல்லை. தேர்தலுக்குத் தேர்தல் அந்தக் கட்சிக் கொடியைக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுக்கிற ரகம். மீட்டரின் ஆட்கள் ஒருதரம் இரட்டைக் கூலி தருகிறோம் என்று துணி மூட்டையோடு போனபோது, "தலையணை உறைன்னா தைச்சுத் தரேன் தம்பி. இது என் கையால ஆகாது" என்று காபி கொடுத்துத் திருப்பி அனுப்பியவர்.

இந்த இரண்டு பேரும் மூன்று வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசாத அரசியல் இல்லை. அதற்கு அவர்களாகவே ஒரு முறை வைத்திருந்தார்கள். ஊசி இல்லாத கையில் ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டி கட்டியிருக்கும். அரை மணிக்கு ஒருதரம் அது தானாக இறுகும். அப்போது வாயைத் திறந்தால் அளவு தாறுமாறாகக் காட்டும், டெக்னீஷியன் பெண் வந்து பெரியவர் சின்னவர் பார்க்காமல் திட்டுவாள். ஆகவே, பேசுகிறவரின் பட்டி இறுகினால் பேச்சை நிறுத்த வேண்டும். தளர்ந்ததும் முறை அடுத்தவருக்கு. குறுக்கே பேசக் கூடாது, முனகிக்கொள்ளலாம். "அண்ணே, நீங்க சொன்னதுல பாதி சரி. எந்தப் பாதின்னு மட்டும் கேக்காதீங்க" என்பார் தையலம்மா. மீட்டர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பாதி எதுவாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டே போவார். சொந்தக் கட்சிக் கூட்டத்தில் அவரை ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்ல விட்டவன் கிடையாது. இங்கே எதிர்க்கட்சிக்காரி அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். சிரிப்பாகத்தான் இருந்தது.

முடிவு வந்த பிறகு அதையும் கெடுத்தது மீட்டர்தான். தையலம்மா ஜெயித்ததைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. வந்து படுத்து, "சாப்டீங்களாண்ணே?" என்றுதான் கேட்டார். இவருக்கு அதுவே குத்தலாகப் பட்டது. "வயிறாரத்தான் சாப்ட்டோம். திருடி ஜெயிச்சவங்களுக்குத்தான் செரிக்குதான்னு தெரியல" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. பட்டி இறுகியபோதும் பேசினார். டெக்னீஷியன் பெண் திட்டியபோதும் பேசினார். அறையே கேட்கும்படி "திருட்டு, திருட்டு" என்று கத்தினார். தையலம்மா முனகக்கூட இல்லை. கடைசியில், "என் முறையையும் நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்று சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த தடவை ஊரெல்லாம் கலவரம், பஸ் ஓடவில்லை, அவரால் வர முடியவில்லை. ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறிப்போகும். இன்றைக்கும் இன்னும் காணோம். மீட்டர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று தெரியவில்லை, ஆனாலும் வந்து தொலைந்தால் தேவலை என்றிருந்தது.

வெளியே மைக் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. அது அவருடைய ஆட்கள். அது மட்டுமா, நடத்துவதே அவருடைய மாப்பிள்ளை. நேற்று சாயங்காலம் வீட்டுக் கூடம் முழுக்க ஆட்கள். எங்கே மறிப்பது என்று பேச்சு. ஒருத்தன் ஆஸ்பத்திரி முன்வாசலை மறிப்போம், அப்பத்தான் டிவிக்காரன் வருவான் என்றான். மீட்டருக்குச் சுரீரென்றது. "அறிவிருக்காடா? ஆம்புலன்ஸ் வர்ற வழிடா அது. அவனுங்க மிருகம்னா நாமளும் மிருகமா?" என்று ஒரு சத்தம் போட்டார். கூடம் அடங்கியது. பிறகு அவரே பென்சிலை வாங்கி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டுக் காட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு தெரு. சரக்கு வண்டிகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அங்கே உட்கார்ந்தால் ஊருக்கு வலிக்கும், நோயாளிக்கு வலிக்காது. மாப்பிள்ளை எழுந்து நின்று, "மாமான்னா மாமாதான்" என்றான். கை தட்டினார்கள். மகள்கூடச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து மீட்டர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

தையலம்மாவை மகள் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். முகம் உப்பிக் கண் இடுக்கிப்போயிருந்தது. செருப்பைக் கழற்றியபோது வார் அழுந்திய தடம் அப்படியே கால்மேல் பள்ளமாக நின்றது. ஆட்டோவைப் பாதியில் திருப்பிவிட்டார்களாம், மிச்சத் தூரம் நடை. எடை பார்க்கிற மெஷினில் ஏற்றி நிறுத்திய டெக்னீஷியன் பெண், முள்ளைப் பார்த்ததும் திட்ட வாயெடுத்தவள், திட்டவில்லை. அதுதான் மீட்டருக்குப் பயமாக இருந்தது. கட்டிலில் படுக்க வைத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்துகொண்டார் தையலம்மா. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் தூக்கிப் போட்டது.

"என்னண்ணே... முகம் வாடியிருக்கு?" என்றார்.

யாரைப் பார்த்து யார் கேட்கிறது! மீட்டர் வலது கையை அமர்த்திக் காட்டினார். "ஒண்ணுமில்லம்மா. நீங்க பேசாதீங்க" என்றார்.

டெக்னீஷியன் பெண் அவருக்கு மெஷினைத் தயார் பண்ணப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். மேல் தொட்டியில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. இந்த மெஷின்களுக்கு மருந்தைவிடத் தண்ணீர்தான் சாப்பாடு, ஒரு ஆளுக்கு ஒரு தடவைக்கு டிரம் கணக்கில் குடிக்கும். ஓடிக்கொண்டிருக்கிறவர்களுக்கே ஒப்பேறுமா தெரியவில்லை, புதிதாக யாருக்கும் ஆரம்பிக்க முடியாது. "தண்ணி லாரி இந்நேரம் வந்திருக்கணும். டிரைவருக்குப் போன் போட்டேன். பின்தெருவுல மறிச்சு வச்சிருக்காங்களாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடிச்சான்னு தெரியல அந்தத் தெருவை" என்றாள்.

கண்டுபிடித்த புண்ணியவான் மீட்டர்தான். மூன்று வருஷமாக இந்தக் கட்டிலில் படுத்து இந்தத் தண்ணீரில் உயிர் வளர்க்கிற மனுஷன், ஊரிலுள்ள சந்து பொந்தெல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிற மனுஷன், இந்தத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று ஒருநாளாவது நினைத்துப் பார்த்தாரா? ஆம்புலன்சுக்கு வழி விட்ட பெருமையில் நேற்று கைதட்டல் வேறு. சீ. வலது கையால் போனை எடுத்து மாப்பிள்ளையை அழைத்தார். கோஷத்துக்கு நடுவில், "மாமா, லைவ் போயிட்டிருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். மறுபடி அழைத்தார், எடுக்கவில்லை.

"என்னை நிறுத்தி விடும்மா. மிச்சத் தண்ணியை அவங்களுக்குக் கொடு" என்றார்.

"நீங்க எடுக்கற மிச்சத்துல அவங்க மெஷினைக் கழுவக்கூடக் காணாதுப்பா."

"அப்படியும் நிறுத்து. எனக்கு வெளியே போகணும்."

அவள் வாதாடிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு ஊசியையும் உருவி, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லி, கட்டுப் போட்டு விட்டாள். மீட்டர் சட்டையை மாட்டுவதைத் தையலம்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே... கிளம்பிட்டீங்க?"

"பாத்ரூம்."

"நமக்கு எதுக்குண்ணே... பாத்ரூம்?" என்று சொல்லி, அந்த மூச்சிலும் சிரித்தார். ஒன்றுக்கே வராத டயாலிசிஸ்காரர்களுக்கு மட்டும் புரிகிற சிரிப்பு அது.

பின்தெருவில் இரைச்சல் காதைப் பிளந்தது. கொடிகள், தண்ணீர் பாட்டில்கள், மிதிபட்டு நசுங்கிய பேப்பர் கப்புகள். யாரோ கக்கியிருந்ததைச் சுற்றி ஈ. லாரி நடுத்தெருவில் நின்றது. கண்ணாடியில் ஜெயித்த கட்சியின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதுதான் வினை. டிரைவர் கீழே குத்துக்காலிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். லாரிக்குப் பின்னால் போன மீட்டர் அப்படியே நின்றுவிட்டார். குழாயைத் திறந்துவிட்டு ஆளாளுக்கு முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் சாவகாசமாகக் காலை நீட்டி, விரலிடுக்கு விரலிடுக்காகத் தேய்த்துக் கழுவினான். ஒருத்தன் வாய் நிறையப் பிடித்துக் கொப்பளித்து, லாரிச் சக்கரத்தின்மேலேயே துப்பினான். தண்ணீர் தெருவெல்லாம் ஓடிச் சாக்கடையில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாளைக்கு இத்தனை மடக்குத் தண்ணீர்தான் என்று நாக்கை நனைத்து நனைத்து வாழ்கிற மனுஷனுக்கு, அதைப் பார்க்கிறபோது முதலில் தாகம் எடுத்தது. அதற்கப்புறம்தான் ஆத்திரம் வந்தது. இரண்டும் வந்த வரிசை அவருக்கே அருவருப்பாக இருந்தது.

பாய்ந்துபோய்க் குழாயைத் திருகி அடைத்தார். "யோவ் பெருசு" என்று ஒருத்தன் கையை ஓங்கினான். "டேய், நம்ம மாமாடா" என்று மாப்பிள்ளை ஓடி வந்தான்.

"லாரியை விடு மாப்ளை. டயாலிசிசுக்குப் போற தண்ணிடா இது. உள்ளே ஆளுங்க மூச்சு முட்டி உக்காந்திருக்காங்க."

மாப்பிள்ளையின் முகம் மாறியது. அவன் கெட்டவன் இல்லை. ஆனால் அவனைச் சுற்றி இப்போது பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள், அவர்களுக்கு நடுவில் ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான், மாப்பிள்ளை போனைப் பார்த்தும் பார்க்காமலும் பேசினான். "நாங்க அமைதியாத்தான் போராடறோம் மாமா. எல்லாத் தரப்பையும் மதிக்கறோம். ஆனா இந்த வண்டி அவங்க ஆளு வண்டி. இதை விட்டா நாளைக்கு ஆயிரம் கதை கட்டுவாங்க."

"உள்ளே ஒரு அம்மா இருக்காங்கடா. இன்னிக்கு இந்தத் தண்ணி வரலைன்னா..."

கூட்டத்திலிருந்து ஒரு குரல், கடையில் விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகக் கேட்டது. "அந்தம்மா எந்தக் கட்சி?"

யாரும் அவனை அறையவில்லை. யாரும் முகம் சுளிக்கக்கூட இல்லை. எல்லோரும் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள், பதிலுக்காக. மாப்பிள்ளையும் பார்த்தான். வாலிப வயசிலிருந்து தூக்கிச் சுமந்த கொடி இதற்காகவா என்று நினைத்தார் மீட்டர். காறித் துப்ப வேண்டும் போலிருந்தது, அவர்கள் மூஞ்சியில், கட்சியின் மூஞ்சியில், நேற்றுக் கை தட்டியபோது மலர்ந்துபோன தன் மூஞ்சியில். ஆனால் துப்பினால் லாரி நகருமா? தையலம்மாவின் தோள் தூக்கித் தூக்கிப் போட்டதுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"நம்ம கட்சிதான்" என்றார்.

"நெருங்கினவங்களா?"

"நெருங்கினவங்களாவது? நம்ம கொடியெல்லாம் தைச்சுக் கொடுத்த கைடா அது. கூலி வாங்காம." வார்த்தை அவர் சொல்லாமல் தானாக வந்து விழுந்தது. போன் அவர் முகத்துக்கு நேராக வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. "நம்ம அக்காவுக்கா? விடுடா வண்டியை!" என்று காலைக் கழுவிக்கொண்டிருந்தவனே முதல் ஆளாகக் கத்தினான். கண்ணாடி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தார்கள். முன்னால் தங்கள் கொடியைக் கட்டினார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்தான். "நோயாளிக்கு வழி விட்டது யாரு?" என்று ஒருத்தன் கேட்க, கட்சியின் பேரைச் சொல்லி எல்லோரும் ஆர்ப்பரித்தார்கள். மாப்பிள்ளை மீட்டரின் தோளில் கை போட்டுப் போனுக்குக் காட்டினான். மீட்டரின் கட்டு நனைந்து ரத்தம் முழங்கை வரை கசிந்திருந்தது. அதுவும் படத்தில் நன்றாக விழுந்திருக்கும்.

அவர் மாடியேறி வருவதற்குள் லாரி தண்ணீரை மேலே ஏற்றத் தொடங்கியிருந்தது. தையலம்மாவின் கட்டில் ஜன்னலோரம். ஜன்னலுக்குக் கீழேதான் லாரி நின்றது, முன்னால் கட்டிய கொடி படபடவென்று அடித்துக்கொண்டு. தையலம்மா ஜன்னலைப் பார்க்கவில்லை. மடியிலிருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்து மீட்டரின் குரலே மீட்டருக்குக் கேட்டது. "நம்ம கொடியெல்லாம் தைச்சுக் கொடுத்த கைடா அது." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடியது. மகன் அனுப்பியிருந்தானாம். வெளியூரில் இருக்கிறவன். அம்மா, கூலி வாங்காமக் கொடி தைக்கிறது நம்ம ஊர்ல நீ ஒருத்திதானே, எப்போ கட்சி மாறினே, இங்கே எல்லாரும் கேக்கறாங்க என்று எழுதியிருந்தானாம். மகள்தான் மெதுவாகச் சொன்னாள். சொல்லிவிட்டு மீட்டரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள்.

"வேற வழி தெரியலம்மா" என்றார் மீட்டர். "விடமாட்டேன்னுட்டானுங்க. அந்தத் தெருவைக் காட்டிக் கொடுத்ததே நான்தான். லாரி அந்த வழியா வரும்னு சத்தியமா..."

தையலம்மா கையைத் தூக்கினார். இவர் நிறுத்தினார்.

"அன்னிக்குத் திருட்டு திருட்டுன்னு... கத்தினீங்கல்லண்ணே." மூச்சு வாங்கி, நிறுத்தி, மறுபடி பேசினார். "கோவம் வந்துச்சு. ஆனா வீட்டுக்குப் போய்... நிஜமாவே யோசிச்சேன். அண்ணன் பொய் பேசற ஆளில்லையே, எங்காளுங்க... ஏதாச்சும் பண்ணியிருப்பாங்களோன்னு. அன்னிலேருந்து தூக்கமில்லை. எங்காளுங்க பண்ணியிருந்தா... அதைச் சொல்லிடணும்னு நினைச்சுத்தான் இன்னிக்கு வந்தேன்."

மீட்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு... ஒரே ஒரு ஓட்டுதாண்ணே திருடு போயிருக்கு" என்றார் தையலம்மா. "அது என்னுது."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஏச்சாகவும் சொல்லவில்லை. துணியை அளந்துவிட்டு அளவு சொல்கிற குரல்தான். மற்ற கட்டில்காரர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் காலையில் கத்தியவன் போய் வேறொருத்தன் கத்திக்கொண்டிருந்தான். மேலே காலித் தொட்டிக்குள் தண்ணீர் விழுகிற சத்தம், முதலில் தகரத்தில் கொட்டுகிற மாதிரிப் பெரிதாகக் கேட்டு, நிறைய நிறைய அடங்கிக்கொண்டே வந்தது. டெக்னீஷியன் பெண் மெஷினைக் கழுவி முடித்து, குழாய்களை மாட்டி, ஊசியின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, கையைக் கொடுங்க."

தையலம்மா ஜன்னலுக்குக் கீழே அடித்துக்கொண்டிருந்த கொடியைப் பார்த்தார். கை போர்வைக்குள்ளேயே இருந்தது. போர்வை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நேரமாகுது. கையை நீட்டுங்க" என்றாள் அவள் மறுபடியும். ஊசி முனையில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு, விழாமல் நின்றது.